மலைச்சாலைச் சுவரும் பிளான் அக்காவும்

எந்த வீட்டுக்குப் போனாலும் பிளான் அக்கா நேராக முன்வாசலில் நுழைந்து நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பின்பக்கம் போய்விடுவார். சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது, துணிக்கொடியில் என்ன காய்கிறது, கேஸ் சிலிண்டர் எங்கே நிற்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் வந்து நிற்பார். முன்னறையில் பலகாரத் தட்டோடு காத்திருக்கும் வீட்டுக்காரி, முதுகுக்குப் பின்னால் "என்னம்மா, சௌக்கியமா?" என்று குரல் கேட்டுத் துள்ளி விழுவாள். என் மனைவி இரண்டு முறை தட்டைப் போட்டு உடைத்திருக்கிறாள்.

ஏன் இப்படி என்று கேட்டால் அக்காவிடம் ஒரே பதில்தான். "முன்பக்கத்த நீங்களே காட்டுவீங்க. பின்பக்கத்த நான்தானே போய்ப் பாக்கணும்?"

அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பின்கதவு காற்றில் தட்டினால் என் மனைவி கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்க்கிறாள்.

கிள்ளானில் தனி வீட்டுக்கு மாறும்வரை நாங்கள் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தது பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில், நான்காவது மாடியில். அப்போது நான் மணல் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் கிள்ளானில் பதினான்கு லோரியும் மூன்று மண் தோண்டும் இயந்திரமும் என் பெயரில் ஓடுகின்றன. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. பண்டமாரானில் பிறந்து, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பதினாறு வயதில் லோரிக்குக் கெலிண்டானாக ஏறியவன் நான். கெலிண்டான் என்றால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, மூட்டை ஏற்றி இறக்கி, மேட்டில் வண்டி நின்றால் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிற ஆள். கட்டை போட்ட கையால்தான் இன்று காசோலையில் கையெழுத்துப் போடுகிறேன். கையெழுத்து கொஞ்சம் கோணல்தான். பாங்க் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை.

அக்கா என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஒல்லி உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிய கொண்டை, எந்நேரமும் கையில் ஒரு கறுப்புக் குடை. வெயிலுக்கும் மழைக்கும் பிடிப்பதைவிட, சுட்டிக்காட்டவும் தட்டிப் பார்க்கவும்தான் அந்தக் குடை அதிகம் பயன்பட்டது.

எங்கள் தெருமுனையில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்று புதிதாகத் திறந்தார்கள். முதல் நாள் நாங்கள் குடும்பத்தோடு போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டோம். அக்காவைக் காணோம். பின்சந்தில் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாத்திரம் கழுவுகிற இடத்தை அவர் எட்டிப் பார்ப்பதைக் கண்டு கடைக்காரர் அரண்டுபோனார்.

"அக்கா, நீங்க சுகாதார ஆபீஸா?"

"இல்லப்பா. பசி."

"பசின்னா முன்னால வந்து உக்காருங்கலா!"

"உக்காருறேன். மொதல்ல அந்த மீன் வாளிக்கு ஒரு மூடி போடு."

அவர் மூடி போட்டார். அதற்குப் பிறகுதான் அக்கா இலையில் கை வைத்தார். பத்து வருடம் அந்தக் கடையில் சாப்பிட்டோம், ஒருத்தருக்கும் ஒருநாளும் வயிறு கெட்டதில்லை.

என் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சுங்கை வே போனபோதும் இதே கதைதான். மாப்பிள்ளையின் அப்பா முன்னறையில் தன் பையனின் படிப்பையும் சம்பளத்தையும் அடுக்கிக்கொண்டிருக்கிறார். நான் பதிலுக்கு என் லோரிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் நான் யாருக்கும் சளைத்தவனில்லை. அக்கா வழக்கம்போல் சமையலறையிலிருந்து முளைத்தார். திரும்பி வரும்போது காரில் கேட்டேன்.

"எப்படிக்கா?"

"பையன் நல்லவரு. அவங்கம்மா துணியெல்லாம் அவருதான் காயப்போடுறாரு."

"யாரு சொன்னா?"

"கிளிப்பு சொல்லுச்சு. பொம்பள மாட்டுனா ஒரு துணிக்கு ரெண்டு. அங்க ஒரு நைட்டிக்கு ஒம்போது கிளிப்பு, தம்பி. பறந்துடுமோன்னு பயந்து பயந்து ஒரு ஆம்பள மாட்டுனது."

அந்த ஒன்பது கிளிப்பை நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தேன். இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

எல்லாம் இப்படி இனிப்பாகவே முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கிள்ளானில் என் புது அலுவலகத் திறப்புவிழாவில் என் மானத்தை வாங்கியவரும் அவர்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வாசலில் நீரூற்று, பாங்க் மேனேஜர் முதல் வரிசையில். அக்கா பின்பக்கம் போய்வந்து, ஒலிபெருக்கி ஓய்ந்திருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, உன் கம்பெனி முன்னால பாங்க் மாதிரி இருக்கு. பின்னால மீன் பாசார் மாதிரி இருக்கு. டீசல் ஒழுகிச் சாக்கடையில போகுது பாத்தியா?"

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அடுத்த வாரம் பின்பக்கத்தில் சிமெண்ட் தரை போட்டு, எண்ணெய் தேங்க ஒரு தொட்டியும் கட்டினேன். கட்டியதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே வந்து பார்த்துவிட்டுப் போனாராம், காவலாளி சொன்னார்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் அவரை ஏதோ துப்பறிகிறவர் என்று நினைத்துவிடுவீர்கள். அரசாங்கச் சாலை அலுவலகம் ஒன்றில் அவருக்கு வேலை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், பழைய சாலை வரைபடங்கள் பூச்சி அரித்து மஞ்சளாகிப் போனால், அவற்றின்மேல் கண்ணாடி போன்ற ஒரு தாளை விரித்து, மெல்லிய மைப்பேனாவால் ஒவ்வொரு கோடாகப் புதிதாகப் பிரதி எடுக்க வேண்டும். முப்பது வருடம் அதைத்தான் செய்தார். அதனால்தான் பிளான் அக்கா. அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் எங்கள் மாடியில் பாதிப் பேர் விழிப்பார்கள்.

அவர் கையால் அதிகம் வரைந்தது கோம்பாக்கிலிருந்து மலையேறிப் பெந்தோங் பக்கம் இறங்கும் பழைய சாலை. வெள்ளைக்காரன் காலத்தில் பாறையை உடைத்துப் போட்ட பாதை. அதில் ஒவ்வொரு தாங்குசுவருக்கும் ஒரு கட்டு வரைபடம் உண்டாம்.

"சுவரோட முன்பக்கத்துக்கு ஒரே ஒரு தாளு, தம்பி" என்று ஒருநாள் வராந்தாவில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். "பின்பக்கத்துக்கு ஏழு தாளு. அடியில எவ்வளவு அகலம், மேல எவ்வளவு, பின்னால சல்லி எவ்வளவு, தண்ணி எந்த வழியா வருது, எந்த வழியா வெளியாகுதுன்னு ஏழு. ரோட்டுல போறவன் பாக்குறது அந்த ஒரு தாளத்தான்."

"அந்த ரோட்டை நீங்க பாத்திருக்கீங்களாக்கா?"

"நானா? நான் எங்க பாத்தேன்? தாள்லதான்."

நான் சிரித்த சிரிப்பில் கீழ்மாடிக்காரர் மேலே பார்த்தார். எனக்கோ அந்தச் சாலை பாடப்புத்தகம் மாதிரி. மற்றவர்கள் புத்தகம் படித்த வயதில் நான் படித்தது அதைத்தான். எந்த வளைவில் ரேடியேட்டர் கொதிக்கும், எந்த வளைவில் எதிரே வருகிற வண்டிக்காகப் பின்னால் எடுக்க வேண்டும், எங்கே கட்டையோடு குதிக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பதெல்லாம் என் முழங்காலுக்குத் தெரியும். சரி, ஓய்வு பெற்றதும் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை நான் விட்டதில்லை.

அவர் ஓய்வு பெற்ற அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காரில் கிளம்பினோம். பெரிய நெடுஞ்சாலை மலையைக் குடைந்து போன நாளிலிருந்து பழைய சாலையில் கூட்டமில்லை. சைக்கிள்காரர்களும் டுரியான் பழம் விற்கிறவர்களும்தான். நான் ஒவ்வொரு வளைவுக்கும் என் கதையைச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். அக்கா காதில் வாங்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"தூக்கமாக்கா?"

"இல்ல. இப்ப ரோட்டுக்கு அடியில ஒரு மதகு வரும். செங்கல் வளைவு. மேல்பக்கத்து வாய் சின்னது."

காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். செடியை விலக்கினால் செங்கல் வளைவு. வாய் சின்னது. அந்த இடத்தை நான் ஆயிரம் தடவை கடந்திருப்பேன், அங்கே மதகு இருப்பது எனக்குத் தெரியாது. அடுத்ததையும் சொன்னார். அதற்கு அடுத்ததையும். விடுவேனா நான்?

"சரி, இது தெரியுமா? இந்த இடத்துல மட்டும் லோரி ரெண்டாவது கியர்ல திணறும். மத்த எடமெல்லாம் மூணுல போயிரும்."

"தெரியும். இந்த ரோடு மாடு மூச்சு வாங்காம வண்டி இழுக்குற சரிவுல போட்டது. மலை முழுக்க அதே சரிவு. இங்க மட்டும் பாறை இடம் கொடுக்கல. தாள் ஓரத்துல சின்னதா எழுதியிருப்பாங்க, மன்னிப்புக் கேக்குற மாதிரி."

அத்தனை வருடம் அந்த மேட்டில் நான் கட்டையோடு குதித்ததற்குக் காரணம் ஒரு பாறை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பழைய சாலையிலும் ஒரு துண்டு இன்னும் பழையது. ஒரு கூரான வளைவை நேராக்கும்போது, மலையை ஒட்டியிருந்த பாதையை அப்படியே கைவிட்டுவிட்டார்கள். தாரைப் பிளந்து புல் வளர்ந்து, வண்டி போகாத இடமாகிவிட்டது. அங்கேதான் எங்கள் முனீஸ்வரர் இருக்கிறார். சாலை போட்ட நம் ஆட்கள் வைத்த சாமி. நான் கெலிண்டானாக இருந்த காலத்தில் மேலே போகிற ஒவ்வொரு லோரியும் அங்கே நின்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்பும். இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை லோரிக்காரர்கள் குடும்பத்தோடு போய்ப் பூசை போட்டு அன்னதானம் கொடுக்கிறோம். சாமிக்குப் பின்னால் மலையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது கருங்கல் சுவர். இரண்டு லோரி நீளம், ஒன்றரை ஆள் உயரம், சுண்ணாம்பு குழைத்துக் கட்டியது. அடிவரிசையில் முழங்கால் உயரத்தில் சின்னச் சின்னத் துளைகள். அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

அக்கா அந்தச் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். தான் வரைந்த ஆளை நேரில் பார்க்கிற மாதிரி. பிறகு ஒரு துளைக்குள் விரலை விட்டார்.

"இந்தத் தண்ணி வர்றவரைக்கும் சுவருக்குப் பிரச்சனையில்ல, தம்பி. மலைக்குள்ள ஊறுற தண்ணிக்கு இதுதான் வாசல். வாசலை மூடுனா உள்ளேயே நின்னு தள்ள ஆரம்பிச்சிடும்."

இதை அவர் தெளிவாகத்தான் சொன்னார். நானும் தெளிவாகத்தான் கேட்டேன். அதனால்தான் அடுத்து நான் செய்த காரியத்துக்கு எனக்குச் சாக்கு எதுவும் இல்லை.

நான்கைந்து வருடம் கழித்துக் கோயில் குழுத் தலைவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அவரும் லோரிக்காரர்தான், ஆனால் ஆறே லோரி; என்னைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார்.

"தவுக்கே, சாமிக்குப் பின்னால எந்நேரமும் ஒழுகிக்கிட்டே இருக்கு. பாசி வேற. போன பூசையில ஒரு ஆன்டி வழுக்கி விழுந்துட்டாங்க. போட்டோ எடுத்தாக்கூட நல்லா இல்ல."

"என்ன செய்யணும்?"

"நீங்க மனசு வச்சா..."

அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோயில் உபயம் என்று வந்துவிட்டால் நான் அரைகுறையாகச் செய்கிறவனில்லை. என் ஆட்களை அனுப்பிச் சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசி, வான நீல நிறத்தில் டைல் ஒட்டச் சொன்னேன். டைல் ஒட்டியவர் என்னிடம் இருபது வருடம் வேலை செய்தவர். அவர் நூல் பிடித்தால் மயிரிழை பிசகாது. சாமிக்கு நேர் பின்னால், நடுவில், டைலோடு சமமாகப் பதித்த கறுப்புக் கல்லில் தங்க எழுத்தில் என் பெயர். துளைகள் நினைவுக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். ஆட்கள் கேட்டார்கள், "பாஸ், ஓட்டைய என்ன செய்ய?" என்று. அக்கா சொன்னதும் ஒரு நொடி மனதில் வந்து போனது. ஆனால் துளைக்குத் துளை குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் டைல் வேலை அழகாக இருக்காது. நூறு வருடம் நின்ற சுவர், ஒரு சாண் சிமெண்டுக்கா பயப்படப்போகிறது என்று, "மூடிரு" என்றேன்.

பாசி போயிற்று, ஈரம் போயிற்று. சுவர் குளியலறை மாதிரி பளபளத்தது. ஏழு மாதம் கழித்து வந்த பூசைக்கு அக்காவையும் அழைத்தேன். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அசந்துபோகட்டும் என்று.

பூசை நாள் காலை. அதற்கு முந்தைய வாரம் முழுக்க நல்ல மழை. பத்து மணிக்கெல்லாம் இருநூறு பேர் கூடிவிட்டார்கள். சாமிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த நிழலில் பெண்களும் பிள்ளைகளும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள், சுவரில் சாய்ந்துகொண்டு. இப்போதுதான் ஈரமில்லையே. அக்கா காரிலிருந்து இறங்கி, வழக்கம்போல் பின்பக்கம் போக வழி தேடினார். சுவருக்குப் பின்பக்கம் ஏது? மலைதான். பக்கவாட்டில் இருந்த ஒற்றையடிப் பாதையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஏறிப்போனார். இறங்கி வரும்போது கால் முழங்கால்வரை சேறு. முகத்தில் சிரிப்பில்லை.

"தம்பி, தண்ணி எங்க?"

"நிறுத்திட்டோம்லக்கா! பாருங்க, ஒரு சொட்டு இருக்கா?"

"நிறுத்தல. பிடிச்சு வச்சிருக்கீங்க. மேல கால வச்சா சேறு உள்ள வாங்குது. மொதல்ல இந்தப் பிள்ளைங்கள எழுப்பு."

தலைவர் குறுக்கே வந்தார். "அக்கா, பூசை நேரத்துல என்ன பேச்சு இது? சாமி இருக்குற எடத்துல சுவர் விழுமா?"

"சாமி முன்பக்கம் பாத்துக்கிட்டு இருக்காரு, தலைவரே. சுவர் அவருக்குப் பின்னால இருக்கு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருநூறு பேருக்கு முன்னால் என் உபயத்தைக் குறை சொல்கிறாரே என்று காது சுட்டது. "அக்கா, இது நேத்து முளைச்ச சுவர் இல்ல" என்றேன் கொஞ்சம் சத்தமாக. அவர் என்னோடு வாதாடவில்லை. பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய் நூல்கண்டை வாங்கினார். பூசைத் தட்டிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்தார். ஒரு பழத்தைத் தலைவர் கையில் கொடுத்துச் சுவரின் ஒரு முனையில் வைத்து அழுத்தச் சொன்னார். இன்னொன்றை என்னிடம் கொடுத்து மறுமுனைக்கு அனுப்பினார். பழத்தின்மேல் நூலை வைத்து இடுப்பு உயரத்தில் விறைப்பாக இழுத்துப் பிடித்தோம். இரண்டு முனையிலும் சுவருக்கும் நூலுக்கும் நடுவே ஒரு எலுமிச்சம்பழத் தடிமன் இடைவெளி.

நடுவில் இடைவெளியே இல்லை. நூல் என் பெயர்க்கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"சுவருக்கு வயிறு தள்ளியிருக்கு" என்றார் அக்கா.

தலைவர் விடவில்லை. "டைல் ஒட்டுனவன் கோணலா ஒட்டியிருப்பான், அவ்வளவுதான். நூல் பிடிக்கத் தெரியாத ஆளை அனுப்புனா இப்படித்தான் இருக்கும்."

அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. ஆனால் என் ஆளுக்கு நூல் பிடிக்கத் தெரியாதா?

"யோவ் தலைவரே, என் ஆளு ஒட்டுனா ஒரு முனையில நின்னு பாத்தா மறுமுனை கண்ணாடி மாதிரி தெரியும்! வேலை முடிஞ்ச அன்னிக்கு நானே நூல் பிடிச்சுப் பாத்தேன். நேரா இருந்துச்சு!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அன்றைக்கு நேராக இருந்தது என்றால் இந்த ஏழு மாதத்தில் நகர்ந்தது டைல் இல்லை. சுவர். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

"எழுந்திரிங்க! எல்லாரும் எழுந்திரிங்க! பாயைச் சுருட்டாதீங்க, அப்படியே விட்டுட்டு வாங்க! ரோட்டுக்கு அந்தப் பக்கம்!"

நாற்பது வருடம் லோரிக்காரர்களோடு கத்திப் பழகிய குரல். பெண்களும் பிள்ளைகளும் ஒரு நிமிடத்தில் எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். சோற்றுப் பானைகளும் போயின. பூசாரி மட்டும் சாமியை விட்டு எப்படி வருவது என்று தயங்கினார். "சாமிக்கும் சேர்த்துத்தான் செய்யிறோம், நீங்க வாங்க" என்று அக்கா அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

என் லோரியில் எப்போதும் சம்மட்டியும் கடப்பாரையும் இருக்கும். டிரைவர்கள் எடுக்க வந்தார்கள். நான் கொடுக்கவில்லை. மூடச் சொன்னவன் நான், உடைக்கிறவனும் நானாக இருக்கட்டும் என்றேன். அக்கா இரண்டு குடை நீளத்துக்கு ஒரு துளை என்று கணக்குச் சொன்னார். வரைபடத்தில் பதினொன்று.

"ஓரத்துலேருந்து ஆரம்பி. சுவருக்கு நேரா நிக்காத, பக்கவாட்டுல நில்லு. கொஞ்சங்கொஞ்சமா விடணும், ஒரேடியா வேணாம்."

முதல் டைலை உடைத்துச் சிமெண்டைக் கொத்தியதும் செம்மண் தண்ணீர் பீய்ச்சியடித்தது. எதிர்ப்பக்கத்தில் இருநூறு பேரும் "ஐயோ" என்றார்கள். அந்த முனையில் ஒன்று, இந்த முனையில் ஒன்று என்று மாறி மாறி உடைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு அப்போது அறுபது வயதாகிவிட்டது. ஆனால் சம்மட்டி பிடித்த கை மறக்குமா? பத்துத் துளையும் திறந்தாயிற்று. பத்திலும் தண்ணீர் கொட்டியது. பூசைக்குப் போட்ட பட்டு வேட்டி செங்கல் நிறமாகிவிட்டது.

நடுவில் ஒன்றுதான் பாக்கி. என் பெயர்க்கல்லுக்குப் பின்னால் இருப்பது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கை தானாக நின்றது. அந்தக் கல்லை வாங்க நான் ஈப்போவரை போனேன். அதில் என் பெயரை எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்தவன் நான். ஆறாம் வகுப்பில் என் பெயரைக் கரும்பலகையில் எழுதியதெல்லாம் சண்டித்தனம் செய்தவன் பட்டியலில்தான்.

"அக்கா, பத்து போதாதா? நல்லாத்தான் வருதே."

தலைவரும் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினார். "போதும் தவுக்கே! பூசைக்கு நேரமாச்சு!"

அக்கா குடையை ஊன்றிக்கொண்டு சேற்றில் நின்றார். கோபமாகவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

"வயிறு அங்கதான் தள்ளியிருக்கு. வேணாம்னா விட்டுரு, தம்பி. ஆனா அடுத்த வருஷம் நான் எந்தப் பக்கம் உக்காருறதுன்னு இப்பவே சொல்லிரு."

எதிர்ப்பக்கம் பார்த்தேன். என் மகள் நின்றிருந்தாள், இடுப்பில் என் பேத்தி. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவர்கள் சாய்ந்திருந்தது அந்தக் கல்லில்தான். சம்மட்டியை ஓங்கி ஒரே அடி. கல் நான்காக உடைந்து விழுந்தது. கடப்பாரையால் சிமெண்டைக் கொத்தினேன். துளை தெரிந்தது. தண்ணீர் வரவில்லை.

"உள்ள சிமெண்டு போயிருக்கு. குத்து."

குத்தினேன். வரவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, கடப்பாரையை ஒரு முழத்துக்குமேல் உள்ளே விட்டுக் குடைந்தேன். மலை உள்ளே ஒருமுறை இருமியது மாதிரி இருந்தது. அடுத்த நொடி கடப்பாரையையும் என்னையும் பின்னால் தள்ளிக்கொண்டு தண்ணீர் என் நெஞ்சில் அடித்தது. மல்லாக்க விழுந்தேன். எதிர்ப்பக்கத்தில் யாரோ கைதட்ட, பேத்தியும் சேர்ந்து கைதட்டினாள்.

"சாப்பிடலாமாக்கா?" என்றேன் படுத்தபடியே.

"இரு. கலங்கலா வருது. மண்ணை அரிச்சுக்கிட்டு வந்தா ஆபத்து. தெளியட்டும்."

எதிர்ப்பக்கத்தில் பூசை நடந்தது. சாமியைப் பார்த்து எல்லோரும் சாலைக்கு அப்பாலிருந்தே கும்பிட்டார்கள். அன்னதானம் ஆரம்பித்து முதல் பந்தி, இரண்டாவது பந்தி என்று போயிற்று. அக்கா ஒவ்வொரு துளையாகக் குனிந்து, தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துக் கொட்டிக்கொண்டே இருந்தார். நானும் கூடவே நடந்தேன். செம்மண் நிறம் தேநீர் நிறமாகி, தேநீர் நிறம் அரிசி கழுவிய தண்ணீராக வெளுத்தது. பத்துத் துளை தெளிந்த பிறகும் நடுத்துளை மட்டும் பிடிவாதமாகக் கலங்கியே வந்தது. உடைந்த தங்க எழுத்துகளின்மேல் விழுந்து ஓடியது. நாங்கள் அதற்கு முன்னால் நின்றோம்.

மூன்றாவது பந்தி எழுந்தபோது அக்கா இன்னொரு முறை கையை நீட்டினார். உள்ளங்கையில் ரேகை தெரிந்தது. என் பக்கம் நீட்டிக் காட்டினார். பிறகு அதே தண்ணீரில் இரண்டு கையையும் முழங்கைவரை நன்றாகத் தேய்த்துக் கழுவினார்.

"எனக்கு ஒரு இலை போடச் சொல்லு, தம்பி. பாயசம் மிச்சம் இருக்கா?"

இருந்தது. நானே பரிமாறினேன்.